சேவல், நரி, இரட்டை ஆந்தை: இரண்டு குளிர்காலம் அணிந்து பார்த்த பழைய புரூச்சுகள்

என் கறுப்புக் கம்பளிக் கோட்டின் இடது மடிப்பில் இரண்டு குளிர்காலமாக ஒரு சேவல் நிற்கிறது. அதன் வயிறு நீர்த்துளி போலத் தெளிந்த லூசைட், அதாவது கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். கொண்டை, வால், கால் எல்லாம் தங்க முலாம் பூசிய வெள்ளி. 1940களில் அமெரிக்காவின் ட்ரிஃபாரி நிறுவனம் செய்தது. பிரான்சின் லேயா ஸ்டைன் வடிவமைத்த நரி ஒன்றும், கோரோ நிறுவனத்தின் இரட்டை ஆந்தை ஒன்றும் அதற்குத் துணையாக என்னிடம் வந்து சேர்ந்தன. மூன்றையும் நான் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவில்லை. லண்டன் மழையிலும், நிலத்தடி ரயிலின் நெரிசலிலும், பொங்கலன்று பட்டுப்புடவையிலும், உறவினர் வீட்டுத் திருமணத்திலும் அணிந்தேன். ஆடையில் ஊசியால் குத்தும் இத்தகைய புரூச்சுகளை வாங்க நினைப்பவர்களுக்குக் கல்லின் மின்னலைக் காட்டும் படங்கள் எங்கும் கிடைக்கின்றன. ஆனால் அணிந்து நடந்தால் அவை எப்படி இருக்கின்றன, எங்கே குத்துகின்றன, எங்கே சாய்கின்றன என்பதை யாரும் எழுதக் காணோம். அதை எழுதவே இந்த மதிப்புரை.

சேவலிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மூன்றில் அதிகம் கற்றுத் தந்தது அதுதான். விலங்கின் வயிற்றுப் பகுதி முழுவதும் மெருகேற்றிய ஒரே லூசைட் துண்டாக இருக்கும் இந்த வகையைச் சேகரிப்போர் 'ஜெல்லி பெல்லி' என்று அழைக்கிறார்கள். ட்ரிஃபாரியின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஆல்ஃப்ரெட் ஃபிலிப் 1930இல் அங்கே சேர்ந்தவர். அதற்கு முன்பு கார்த்தியே, வான் க்ளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் ஆகிய பிரெஞ்சு நகை நிறுவனங்களுக்கு அசல் கற்கள் பதித்த நகைகளைச் செய்து கொடுத்த பட்டறையில் பணியாற்றியவர். வைரத்துக்கும் மரகதத்துக்கும் பழகிய கையைக் கண்ணாடிக் கல்லுக்காக அவர் தளர்த்திக்கொள்ளவில்லை என்பது சேவலைத் திருப்பிப் பார்த்தால் புரியும். வாலின் ஒவ்வொரு இறகுக்கும் பின்புறம் வழித்துச் சீராக்கப்பட்டிருக்கிறது. கம்பளியை இழுக்கும் பிசிறு ஒன்றுகூட இல்லை. யாரும் பார்க்காத முதுகுக்கு ஒரு பட்டறை இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது என்பதைக் கண்டபோதுதான், இதற்கு நான் கொடுத்த விலை சரியானது என்ற நிம்மதி எனக்கு வந்தது.

கண்ணாடிக் கல் பதித்த போலி நகைக்கு வெள்ளி எதற்கு என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய பிறகு, ஈயம், செம்பு, வெள்ளீயம் போன்ற உலோகங்கள் போர்த் தளவாடங்களுக்கென ஒதுக்கப்பட்டு, 1942 முதல் நகைப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் போயின. வேறு வழியின்றி மலிவு நகைகளைச் செய்தவர்கள் ஸ்டெர்லிங் (92.5 விழுக்காடு தூய) வெள்ளிக்கு மாறினார்கள். அதன்மேல் தங்க முலாம் பூசினார்கள். போர் முடிந்த பின் 1947இல் ட்ரிஃபாரி 'ட்ரிஃபேனியம்' என்ற தனது கலப்பு உலோகத்தைக் கொண்டுவந்து வெள்ளியைக் கைவிட்டது. ஆகவே ஒரு சேவலின் முதுகில் 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லும், கிரீடம் சூடிய 'ட்ரிஃபாரி' முத்திரையும் சேர்ந்து இருந்தால், அது பெரும்பாலும் அந்தச் சில ஆண்டுகளுக்குள் பிறந்தது என்று கொள்ளலாம். முத்திரையோடு பதிப்புரிமைக் குறி, அதாவது வட்டத்துக்குள் இருக்கும் 'சி' எழுத்து, காணப்பட்டால் அந்த நகை 1950களின் நடுப்பகுதிக்கோ அதற்குப் பிறகோ உரியது. கண்ணாடிக் கல் நகையின் வடிவமும் கலைப்படைப்பாகக் காக்கப்பட வேண்டியதே என்ற தீர்ப்பை ட்ரிஃபாரி தொடுத்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் 1955இல் அளித்த பிறகே அந்தக் குறியைப் பொறிக்கும் வழக்கம் பரவியது. விற்பவர் 'போர்க்காலத்துச் சேவல்' என்று சொல்லி அந்தக் குறியுள்ள நகையை நீட்டினால், சொல்லுக்கும் பொருளுக்கும் பொருத்தமில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

இந்த வயிறுகள் போர் விமானக் கண்ணாடிகளில் கழிக்கப்பட்ட துண்டுகளிலிருந்து வெட்டப்பட்டவை என்ற கதையை ஏறக்குறைய எல்லா விற்பனையாளரும் சொல்வார்கள். லூசைட் அக்காலத்தில் போர் விமானங்களின் மேல்மூடிகளுக்குப் பயன்பட்டது உண்மை. ஆயினும் உங்கள் கையிலுள்ள சேவலின் வயிறு எந்த விமானத்தையும் சேர்ந்தது என்பதற்கு முத்திரை எதுவும் கிடையாது. அந்தக் கதைக்கென்று தனியாக விலை கொடுக்க வேண்டாம்.

அணிந்தால்தான் தெரியும் அழகு ஒன்று இந்த வகைக்கு உண்டு. வயிற்றின் பின்பக்கம் உலோகத்தால் மூடப்படவில்லை. ஆகவே பின்னாலிருக்கும் துணியின் நிறத்தை லூசைட் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. கறுப்புக் கோட்டின்மேல் சேவலின் வயிறு ஆழ்கிணற்று நீரைப் போல இருக்கிறது; அரக்கு நிறப் பட்டின்மேல் மாதுளை முத்தைப் போலச் சிவக்கிறது; வெளிர்நிறப் பருத்தியின்மேல் ஏறக்குறைய மறைந்துபோய், கொண்டையும் வாலும் மட்டும் காற்றில் நிற்கின்றன. கடையின் வெள்ளை வெல்வெட்டில் கிடத்திப் படமெடுத்தால் இதன் உயிர் பாதிகூடத் தெரியாது. இதை வாங்கப் போகும்போது நீங்கள் அணியவிருக்கும் துணியிலிருந்து ஒரு துண்டையோ அந்தச் சால்வையையோ எடுத்துச் சென்று, அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெள்ளியும் லூசைட்டும் சேர்ந்த கனம் கம்பளிக் கோட்டுக்குத் தெரியாது. மெல்லிய துணிக்கு அது பாரம். ஊசி சேவலின் உடம்பு நடுவில் இல்லாமல் சற்றுக் கீழே பற்றவைக்கப்பட்டிருப்பதால், தளர்வான துணியில் தலை முன்னோக்கிச் சாய்ந்து, அரைமணி நேரத்தில் தரையைப் பார்த்த சேவலாகிவிடுகிறது. சால்வை அணியும் நாளில் வால் நுனி அதன் நூலில் மாட்டிக்கொள்ளும். கொண்டையில் முலாம் தேய்ந்து வெள்ளி தெரிகிறது. இந்தக் கடைசிக் குறையை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு யாரோ அணிந்த தடம் அது. அதைப் புதிதாக முலாம் பூசித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். சேகரிப்போர் மதிக்கும் பழைய மேற்பரப்பு போய்விடும்.

இந்தச் சேவலுக்கு முன்பு வேறொரு சேவலை வாங்கி ஏமாந்தேன். இணையத்தில் விற்பவர் ஒருவர் 1943ஆம் ஆண்டினது என்று எழுதியிருந்தார்; முகப்புப் படங்கள் ஐந்து, முதுகுப் படம் ஒன்றுமில்லை. நானும் கேட்கவில்லை. வந்து சேர்ந்ததும் கையில் எடுத்தபோதே கனம் போதவில்லை என்று தோன்றியது. திருப்பினால் முத்திரை கரைந்ததுபோல மங்கியிருந்தது, ஏனெனில் அசல் நகை ஒன்றிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல் அது. அச்சு எடுக்க எடுக்க எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். வயிற்றைச் சுற்றிப் பசை பிதுங்கியிருந்தது. அசலில் உலோக விளிம்பே லூசைட்டைக் கவ்விப் பிடித்திருக்கும். பல கடிதங்களுக்குப் பிறகு பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அன்றிலிருந்து முதுகின் தெளிவான படம் இல்லாமல் நான் ஒரு புரூச்சையும் வாங்கியதில்லை. கீல், கொக்கி, முத்திரை, பற்றவைத்த இடம் ஆகிய நான்கையும் அருகிலிருந்து எடுத்த படமாகக் கேளுங்கள். கீலைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஈயம் அப்பியிருந்தால், ஊசி பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று பொருள். பச்சைக் களிம்பு இருந்தால் முலாமுக்கு அடியில் செம்பு கலந்த உலோகம் அரிக்கத் தொடங்கிவிட்டது.

நரி முற்றிலும் வேறு பிறவி. அதில் உலோகமே கிடையாது, முதுகின் ஊசியைத் தவிர. லேயா ஸ்டைனின் கணவர் ஃபெர்னான் ஸ்டைன்பெர்ஜெர் வேதியியல் அறிந்தவர். செல்லுலோஸ் அசெட்டேட் என்னும் பிளாஸ்டிக்கை மெல்லிய தகடுகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, வெப்பத்தில் இணைத்து, ஒரே பலகையாக்கும் முறையை அவர் உருவாக்கினார். அடுக்குகளுக்கு இடையில் லேஸ் துணியையும் வைத்ததால், நகையைச் சாய்த்துப் பார்க்கும்போது உள்ளே நெசவு தெரிகிறது. என் நரி காப்பிக்கொட்டை நிறம். வெயிலில் பிடித்தால் அதனுள் ஒரு வலைப்பின்னல் ஒளிர்கிறது. வால் ஒரே பட்டையை வளைத்துச் சுருட்டியது. தட்டையான உடம்பிலிருந்து அது மட்டும் எழும்பி நிற்பதால், தோளில் வைத்தால் நரி இப்போதுதான் திரும்பி உட்கார்ந்ததுபோலத் தோன்றுகிறது. இவ்வளவு குறைந்த கோடுகளில் ஒரு விலங்கின் குணத்தைக் கொண்டுவந்த வேறு புரூச்சை நான் பார்த்ததில்லை.

ஆனால் 'பழையது' என்ற சொல்லுக்கு இங்கே எச்சரிக்கை தேவை. லேயா ஸ்டைனின் நிறுவனம் 1981இல் மூடப்பட்டது. மிஞ்சிய சரக்கை அமெரிக்க வணிகர் ஒருவர் வாங்கி அங்கே பரப்பினார். 1988 முதல் புதிய நகைகள் மீண்டும் வரத் தொடங்கின. பழையவற்றிலும் புதியவற்றிலும் 'லேயா ஸ்டைன் பாரிஸ்' என்று பொறித்த அதே 'வி' வடிவ ஊசித்தகடுதான் இருக்கிறது. ஆகவே அந்தத் தகடு நகை அசல் என்பதற்குச் சான்று. வயதுக்குச் சான்று ஆகாது. நரி அவருடைய மிகப் பரவலான வடிவம் என்பதால் எண்ணற்ற நிறங்களில் கிடைக்கிறது. நான் ஐம்பது பவுண்டுக்குச் சற்று அதிகம் கொடுத்தேன்; வயதுக்காகக் கூடுதல் பணம் கேட்ட இன்னொரு கடையை விட்டு வந்தேன். நிறமும் உள்நெசவும் பிடித்திருந்தால் வாங்குங்கள்; ஆண்டைக் கேட்டு வாங்காதீர்கள்.

அணிவதற்கு நரியைப் போல இலகுவானது இல்லை. மழைத்துளி பட்டால் துடைத்துவிடலாம், எடை உணர்வே இல்லை. இதன் ஊசி சற்றுத் தடிமன். மென்பட்டில் கண்ணுக்குத் தெரியும் துளை விழும். வெப்பமும் இதற்கு ஆகாது. கோடையில் காரின் முன்பலகையில் வைத்துவிட்டுப் போனால் அசெட்டேட் வளைந்துவிடும். நகப்பூச்சைக் கலைக்கும் திரவம் ஒரு சொட்டு பட்டால் போதும், மேற்பரப்பு கரையும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையிலும் அடைத்து வைக்கக் கூடாது; பழைய அசெட்டேட் சிதையத் தொடங்கினால் காடி வாடை வரும், அந்த வாடை வந்த நகையை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

இரட்டை ஆந்தையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. கோன், ரோசன்பெர்கர் என்ற இருவரின் பெயர்களிலிருந்து இரண்டிரண்டு எழுத்துகளை எடுத்துப் பெயர் சூட்டிக்கொண்ட கோரோ நிறுவனத்தின் 'டூயெட்' அமைப்பு இது; 1931இல் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆந்தைகளைத் தாங்கும் உலோகச் சட்டத்தின் முதுகில் 1798867 என்ற காப்புரிமை எண் இருக்கிறது. இரண்டு ஆந்தைகளும் தனித்தனிக் கவ்விகள். இரண்டையும் சட்டத்தில் செருகினால் ஒரே புரூச்சு. கழற்றினால் ஆடையின் கழுத்து விளிம்பில் இடமும் வலமுமாக மாட்டும் இரண்டு நகைகள். பொறியியலாக இது மிக நேர்த்தி. தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய அந்தச் சிந்தனையில் தயாரான சட்டத்துக்குள் ஆந்தைகள் இன்றும் தயங்காமல் நழுவி அமர்கின்றன. ஆனால் சட்டமும் இரு கவ்விகளும் சேர்ந்த கனம் சேவலையும் மிஞ்சுகிறது. கவ்வியின் பற்கள் இன்றைய மென்துணிகளில் தழும்பு வைக்கின்றன. 1930களின் கெட்டியான கழுத்துப் பட்டைகளுக்கு அமைந்த நகை இது. தனிக் கவ்வியாக நான் இதை இருமுறைதான் அணிந்தேன்.

புடவைக்கு இவற்றை எப்படி அணிவது என்று பலரும் கேட்கிறார்கள். தோளில் புரூச்சு குத்துவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. சென்னை ஸ்டுடியோக்களில் எடுத்த பழைய குடும்பப் படங்களில் பாட்டிமார்களின் தோள் மடிப்பில் ஒரு மயிலோ இலையோ இருக்கும். ஆனால் அந்தப் புரூச்சுகள் புடவையைத் தாங்கவென்றே செய்யப்பட்டவை. கோட்டுக்குச் செய்யப்பட்ட சேவலிடம் அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. முந்தானை மடிப்புகளை ரவிக்கையோடு சேர்த்து உள்பக்கமாக ஒரு சாதாரண ஊக்கால் குத்திவிடுகிறேன். அதன்பின் புரூச்சின் ஊசியை மேலே இருக்கும் இரண்டு மடிப்புகளில் மட்டும் செலுத்துகிறேன். பின்னால் நகம் அளவுக்குக் கம்பளித் துண்டு ஒன்றை வைத்தால் பாரம் பரவி, சாய்வதும் நின்றுவிடுகிறது. ஜரிகையில் குத்தவே கூடாது, இழை அறுந்தால் மீளாது. காஞ்சிபுரம் பட்டு சேவலைத் தாங்கியது. ஷிஃபானில் நரியைத் தவிர வேறெதையும் வைக்க நான் துணியமாட்டேன்.

திருமணத்துக்கு எதை அணிவது என்ற கேள்வியில் கிழக்கு லண்டனில் இருக்கும் சித்தி தெளிவாக இருந்தார். "நரி முகத்துல முழிச்சா நல்லதும்மா, அத வச்சுக்க. ஆந்தைய மட்டும் கல்யாண வீட்டுக்குக் கொண்டு வராத" என்றார். மேற்கில் ஆந்தையை அறிவின் உருவாகக் கொண்டு அணிகிறார்கள்; நம் வீட்டில் அது அலறினாலே முகம் சுளிப்பார்கள். விலங்கு உருவம் அணிபவருக்கு ஒன்றும் பார்ப்பவருக்கு வேறொன்றுமாகப் பேசும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். சிலர் இதை அறிந்தே பயன்படுத்தியிருக்கிறார்கள். மேடலின் ஆல்பிரைட் 1994இல் ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது, ஈராக்கின் ஊடகத்தில் வெளிவந்த கவிதை ஒன்று அவரைப் பாம்பு என்று சொன்னது. அடுத்து ஈராக்கியரைச் சந்திக்கச் சென்றபோது அவர் ஒரு பாம்புப் புரூச்சை அணிந்து போனார். 2019 செப்டம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றத்தை முடக்கியது செல்லாது என்ற தீர்ப்பை வாசித்த நீதிபதி லேடி ஹேலின் தோளில் ஒரு பெரிய சிலந்தி இருந்தது. தீர்ப்பை விளங்கிக்கொள்ளாதவர்களும் அந்தச் சிலந்தியை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆகவே விலங்கைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கே, யார் முன்னால் அணியப் போகிறீர்கள் என்பதையும் எண்ணுங்கள். அலுவலகத்தில் ஆந்தையைப் பாராட்டாதவர் இல்லை. சேவலைப் பார்த்த தமிழர் எல்லாரும் முருகன் கொடியைத்தான் கேட்டார்கள்.

பராமரிப்பில் நம்மவர்கள் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. வெள்ளி என்றதும் திருநீற்றையோ புளியையோ போட்டுத் துலக்கும் கை நம்முடையது. குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் சரியாக இருக்கும் அந்த முறை, முலாம் பூசிய சேவலின் தங்கத்தை ஓரிரு துலக்கலில் எடுத்துவிடும். உலர்ந்த மென்துணியால் ஒற்றித் துடைத்தால் போதும். தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது. பழைய கண்ணாடிக் கற்களின் முதுகில் இருக்கும் பளபளப்புப் பூச்சுக்குள் ஈரம் புகுந்தால் கல் கறுத்துப் போகும், அதை மீட்க முடியாது. லூசைட்டின்மேல் சாராயம் கலந்த துடைப்பான்களும் வாசனைத் திரவமும் படவே கூடாது. நுண்விரிசல்கள் ஓடி வயிறு மூட்டம் போட்டுவிடும். வாசனை பூசிக்கொண்டு, அது உலர்ந்த பிறகு கடைசியாகப் புரூச்சைக் குத்துங்கள்.

வாங்க லண்டனில் இருப்பவர்களுக்கு மேரிலபோன் பகுதியின் சர்ச் தெருவில் உள்ள ஆல்ஃபீஸ் பழம்பொருள் சந்தையையும், சனிக்கிழமைகளில் போர்ட்டபெல்லோ சாலையையும் சொல்வேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடிவதே அங்கே போவதன் பெரிய பயன். சேவலை விற்ற மூதாட்டி நான் கேட்கும் முன்பே அதைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியையும் நீட்டி, முலாம் தேய்ந்த இடத்தைத் தானே காட்டினார். அதற்கு நான் நானூறு பவுண்டை நெருங்கும் தொகை கொடுத்தேன். அந்தத் தொகையில் ஆறேழு நரிகள் வாங்கியிருக்கலாம் என்று தெரிந்தே கொடுத்தேன், இன்றுவரை அதற்கு வருந்தியதில்லை.

முதன்முறையாக ஒன்று வாங்குபவர் நரியில் தொடங்கட்டும். விலை தாங்கும், அணிவதும் எளிது. கோட்டு அணியும் நாட்டில் வாழ்ந்து, அந்தத் தொகையை ஒதுக்கவும் முடிந்தவர்கள் போர்க்காலச் சேவலையோ அதே ஜெல்லி பெல்லி வகை மீனையோ தேடுங்கள். ஆந்தைகளை அணிய விரும்பாமல் அவற்றின் அமைப்பை மட்டும் ரசிப்பவர்களுக்கே பரிந்துரைப்பேன். என் ஆந்தைகளை இந்த வசந்தத்தில் விற்றுவிடப் போகிறேன். விளம்பரத்தில் முதல் படமாக முதுகைத்தான் போட்டிருக்கிறேன்.